மேசையை விடாமல் உடம்பைத் தேற்றுவது: கோண்டாவிலில் ஒரு நிகழ்வு ஆய்வு

போர்ட் கேம், காட்ஸ், மினியேச்சர் என்கிற சின்னச் சிலைகளுக்குப் பெயின்ற் அடிப்பது என்று வார இறுதியை மேசையோடு கழிக்கிற ஒருவர் தன் உடம்பு ஏறிவிட்டது என்று சொன்னால், ஊரில் கிடைக்கிற ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு ஜிம்முக்குப் போ. யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் குழுவில் உள்ள அண்ணை ஒருவருக்கும் இதைத்தான் சொன்னார்கள். அவர் அப்படியே செய்தும் பார்த்தார், சரிவரவில்லை. பிறகு விளையாட்டை விடாமல், விளையாடுகிற விதத்தை மாற்றி, ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடிய காலத்தில் நன்றாகத் தேறினார். என்ன செய்தோம், எது பலன் தந்தது, எது தரவில்லை, இன்னும் எது தீராமல் கிடக்கிறது என்பதை அவருடைய சம்மதத்தோடு முழுதாக எழுதுகிறேன். பெயர் போடவில்லை, அண்ணை என்றே சொல்கிறேன். நான் உடற்கல்வி படிப்பிக்கிறவன், அதே மேசையில் அவரோடு விளையாடுகிறவன். சீனி, பிரஷர் சம்பந்தமான முடிவுகளையெல்லாம் அவருடைய வைத்தியர்தான் எடுத்தார்.

ஆளும் நிலைமையும்

அண்ணைக்கு நாற்பது தாண்டிவிட்டது. கணக்கு வேலை, பகல் முழுக்கக் கதிரை. சின்ன வயதில் அப்படியில்லை. தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை இருந்த யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், பள்ளிக்கூடம், ரியூசன், சந்தை எல்லாமே சைக்கிளில்தான். கிளித்தட்டில் அவர் கிளியாக நின்றால் தாண்டுவது கஷ்டம் என்று அவரோடு படித்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று அந்தக் காலத்தில் யாருக்கும் தேவைப்படவில்லை. பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது, வேலை வந்தது, கல்யாணம் வந்தது, உடம்பு அசைகிற சந்தர்ப்பங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. போனதை அவர் கவனிக்கவில்லை, ஏனென்றால் அவை எதுவுமே உடற்பயிற்சி என்ற பெயரில் இருக்கவில்லை.

விளையாட்டு ஆசை அவருக்குத் தாத்தாவிடமிருந்து வந்தது. 304 என்ற காட்ஸ் ஆட்டம்தான் முதல். வீரனுக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது என்று எண்ணிப் பழகிய கை. பிறகு கனடாவிலிருந்து வந்த சொந்தக்காரர் கட்டானைக் கொண்டுவந்து கொடுத்தார், அது 1995 இல் ஜெர்மனியில் வெளிவந்த விளையாட்டு, இன்றைக்கும் புதியவர்களுக்கு நாங்கள் முதலில் விரிப்பது அதைத்தான். அதற்குப் பிறகு பான்டமிக், கதை சொல்லி ஆடுகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், குளூம்ஹேவன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மினியேச்சர்களுக்குப் பெயின்ற் அடிக்கத் தொடங்கி, அதிலேயே மூழ்கிப்போனார். வேலைநாள் இரவுகளும் அப்படித்தான் மேசைக்குப் போயின.

நாரி நோவுக்காக வைத்தியரிடம் போனவருக்கு இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். உயரம் 170 சென்ரிமீற்றர், நிறை 91 கிலோ, இடுப்புச் சுற்று 104 சென்ரிமீற்றர். வெறுவயிற்றில் இரத்தச் சீனி 117, சில மாதங்களின் சீனிச் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி 6.1. சலரோகம் (நீரிழிவு) இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது. உடல் திணிவுச் சுட்டி 31க்கு மேல். ஆசிய மக்களுக்கு 23இல் இருந்தே ஆபத்து ஏறத் தொடங்குகிறது, 27.5 தாண்டினால் அது அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் சொல்லிவிட்டது. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்று 90 சென்ரிமீற்றருக்குள் நிற்பது நல்லது. எங்கள் ஆட்களுக்குக் கை கால் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடும், ஆகவே நிறையை மட்டும் பார்ப்பது காணாது. தையற்காரர் நாடாவை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் அளந்து பாருங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம். அரச வைத்தியசாலைகளில் இயங்கும் சுகவாழ்வு நிலையங்களில் சீனியும் பிரஷரும் காசில்லாமல் பார்ப்பார்கள்.

அவர் அதை எடுத்த விதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "தம்பி, எனக்கு வருத்தம் ஒண்டும் இல்லை, நாரிதான் பிடிக்குது" என்றுதான் முதலில் சொன்னார். பயந்தது அவருடைய மனைவிதான். அண்ணியின் அப்பாவுக்குச் சலரோகத்தால் கால் விரல் எடுத்திருந்தது, அது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

ஜிம் ஏன் சரிவரவில்லை

நாரி கொஞ்சம் தேறியதும் அவர் பட்டணத்தில் ஒரு ஜிம்மில் சேர்ந்தார். எந்த ஜிம் என்பது முக்கியமில்லை. இருபது வயதுப் பெடியளோடு சேர்த்து முதல் நாளே பாரம் தூக்க விட்டார்கள். இரண்டாம் நாள் கதிரையில் இருந்து எழும்ப முடியவில்லை. பழக்கமில்லாத தசைக்கு வேலை கொடுத்தால் நோ அடுத்த நாளில் தொடங்கி இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும், பிறகு தானாகத் தணியும், அது கெடுதல் இல்லை. இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார். அவர் ஏதோ கிழிந்துவிட்டது என்று நினைத்து ஒரு கிழமை படுத்துவிட்டார். திரும்பப் போனபோது நாரி மீண்டும் பிடித்தது.

ஆனால் நோவை விடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. ஜிம்முக்குப் போவதென்றால் சனிக்கிழமைப் பின்னேரத்தை விட வேண்டும், அந்தப் பின்னேரத்தில்தான் அவருடைய நண்பர்கள் எல்லாரும் கூடுகிறார்கள். வேலை, வீடு, கடன், வெளிநாட்டுக்குப் போன தம்பி தங்கைகள் என்று எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு மனிதன் வாயாரச் சிரிக்கிற நேரம் அது. அதைப் பறித்துக்கொண்டு ஆரோக்கியம் தருகிறோம் என்றால் யார் தாங்குவார்? இரண்டு மாதம் கழிய அவர் ஜிம்முக்கும் போகவில்லை, வெட்கத்தில் விளையாடவும் வரவில்லை. அந்த நேரம்தான் அவர் ஆகவும் உடைந்து போயிருந்தார்.

இந்த ஆய்வில் நான் சொல்ல வருவதன் மையம் இதுதான். அவருடைய உடம்பு கெட்டதற்குக் காரணம் விளையாட்டு இல்லை, விளையாட்டைச் சுற்றி நாங்கள் எல்லாரும் சேர்ந்து வளர்த்து வைத்திருந்த ஏற்பாடு. எத்தனை மணிக்குத் தொடங்குகிறோம், எதைச் சாப்பிடுகிறோம், மேசை எந்த உயரம், எப்போது எழும்புகிறோம், எப்போது படுக்கப் போகிறோம் என்பதெல்லாம் அந்த ஏற்பாட்டுக்குள் வரும். அதை ஒருவர் தனியாக மாற்ற முடியாது, மேசையைச் சுற்றி இருக்கிற எல்லாரும் மாற வேண்டும்.

ஒரு சனிக்கிழமை இரவைப் பிரித்துப் பார்த்தது

அவரைத் திரும்ப வரவழைத்து, ஒன்றையும் மாற்றாமல், முதலில் ஒரு சனிக்கிழமை இரவை அப்படியே எழுதி வைத்தோம். எங்கள் ஆட்டம் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும், அவருடைய வீட்டு விறாந்தையில். எல்லாரும் அவரிடம் போவோம், அவர் வாசலைத் தாண்டத் தேவையில்லை. முடிய இரண்டு மணியாகும். அந்த ஆறு மணித்தியாலத்தில் அவர் எழும்பியது மலசலகூடத்துக்கு மட்டும்தான்.

இருந்துகொண்டு காட்ஸ் அல்லது போர்ட் கேம் ஆடுவதற்கு உடலியக்க அட்டவணைகளில் கொடுத்திருக்கிற அளவு 1.5 மெட். ஒரு மெட் என்றால் சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தி, கிலோவுக்கு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு கலோரி. மூளை எவ்வளவு வேகமாக ஓடினாலும், வியர்க்க வியர்க்கத் திட்டம் போட்டாலும், சும்மா இருப்பதை விட அரை மடங்குதான் கூட. 91 கிலோ ஆளுக்கு ஆறு மணித்தியாலத்தில் மேலதிகமாகச் செலவானது 270 கலோரி அளவில். சைக்கிளில் ஆறுதலாகப் போனாலே 4 மெட்.

வரவு அதற்கு எதிர்ப் பக்கம். மீன் றோல்ஸ், மிக்சர், பதினொரு மணிக்கு யாராவது போய்க் கட்டிவருகிற கொத்து ரொட்டி. எல்லாவற்றையும் விட என்னைத் திடுக்கிட வைத்தது தேத்தண்ணி. ஒரு கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி, இரவில் ஐந்து கோப்பை. தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தாலும் 60 கிராம் சீனி. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் சொன்ன அளவின்படி ஒரு முழு நாளுக்கே 50 கிராமுக்குள் நிற்க வேண்டும், 25க்குள் நின்றால் இன்னும் நல்லது. இதை அவருக்கு வாசித்துக் காட்டியபோது, "நான் சாப்பிட்டன் எண்டே எனக்குத் தெரியாது தம்பி, பாத்தா கிண்ணம் வெறுமையாக் கிடக்கும்" என்றார். அது உண்மை. கண் பலகையில், கை கிண்ணத்தில். பசிக்கும் அந்தக் கைக்கும் சம்பந்தம் கிடையாது.

மேசையில் செய்த மாற்றங்கள்

சாப்பாட்டில் தொடங்கினோம். இதில் குழுவை இணங்க வைத்தது காட்ஸ்தான், உடம்பு இல்லை. எண்ணெய்க் கையோடு தொட்டால் காட் பழுதாகும், உறை போட்டாலும் ஓரம் கறுக்கும், இங்கே ஒரு பெட்டி பழுதானால் திரும்ப எடுப்பது லேசில்லை, யாராவது ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும்வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஆகவே மேசையில் சாப்பாடே இல்லை என்று முடிவு. ஏழு மணிக்கு எல்லாரும் வந்து, ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுத்தான் பலகையை விரிப்பது. குத்தரிசி மாப் புட்டு, ஒரு கறி, முருங்கையிலை வறை, அல்லது இடியப்பமும் சொதியும். இடையில் பசித்தால் அவித்த கடலை, தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்தது, ஆனால் அதைக் குசினிக்குள் போய் நின்றுதான் சாப்பிட வேண்டும். தேத்தண்ணியை வெறும் தேத்தண்ணியாக்கி, பனங்கட்டி ஒரு சின்னத் துண்டைக் கடித்துக்கொண்டு குடிப்பது என்று மாற்றினோம். பனங்கட்டியும் சீனிதான், அதில் யாரும் ஏமாற வேண்டாம், ஆனால் ஒரு துண்டு கடிப்பதற்கும் மூன்று கரண்டி கரைப்பதற்கும் அளவில் வித்தியாசம் பெரிது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அதுவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் அண்ணிதான் நடுச்சாமம்வரை தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார், அதை எங்களில் ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. இப்போது முறை போட்டு நாங்களே போடுகிறோம். அதுவும் கதிரையை விட்டு எழும்புகிற ஒரு சாட்டுத்தான்.

அடுத்தது எழும்புவது. அவுஸ்திரேலியாவில் 2012 இல் வெளிவந்த ஆய்வொன்றில், நிறை கூடிய ஆட்களை 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 2 நிமிடம் நடக்க விட்டபோது சாப்பிட்ட பிறகு ஏறுகிற சீனியும் இன்சுலினும் தெளிவாகக் குறைந்தன, மெதுவாக நடந்தாலும் குறைந்தன. அதை வைத்துப் போனில் மணி வைத்தோம். அது ஒன்றுக்கும் உதவவில்லை. மணி அடிக்கும், "இந்த முறை முடியட்டும்" என்பார்கள், அந்த முறை முடிய அடுத்த மணி அடிக்கும். ஒருவருடைய முக்கியமான நகர்வுக்கு நடுவில் மணி அடித்தால் கோபம்தான் வரும், அது நியாயமான கோபம்.

விளையாட்டுக்குள்ளேயே இயல்பான இடைவெளிகள் இருக்கின்றன, அவற்றைப் பிடித்ததும் வேலை நடந்தது. 304 இல் ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் காட் கலைக்கிறவரைத் தவிர மற்ற மூவரும் படலைவரை நடந்துபோய்த் திரும்ப வேண்டும். கட்டானில் தன் முறை வரும்போதுதான் கதிரை, மற்ற நேரம் நிற்பது. நான்கு பேர் ஆடுகிற விளையாட்டில் நேரத்தில் முக்கால் பங்கு மற்றவர்களுடைய முறைதானே, கணக்குப் பாருங்கள், ஒரு சின்ன விதியில் எவ்வளவு நேரம் நின்றாயிற்று. கட்டானில் மற்றவர் டைஸ் உருட்டினாலும் நமக்கு வளம் கிடைக்கும், பேரம் பேசவும் கூப்பிடுவார்கள், ஆகவே நிற்கிறவர் ஆட்டத்தை விட்டு விலகுவதில்லை. இதே விதியை 304க்குப் போட முடியாது, நிற்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பவரின் காட்ஸ் தெரிந்துவிடும். இப்படி ஒவ்வொரு விளையாட்டுக்கும் அதற்கேற்ற விதி தேவைப்பட்டது, அதை யோசித்து உருவாக்குவதே எங்களுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது.

பான்டமிக்கில் எல்லாரும் ஒரே கட்சி, காட்களைத் திறந்து வைத்தே ஆடலாம். அதற்கென்று பழைய சாப்பாட்டு மேசையொன்றின் நான்கு கால்களுக்குக் கீழேயும் சீமெந்துக் கல் வைத்து முழங்கை மட்டத்துக்கு உயர்த்தினோம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் அண்ணை டன்ஜன் மாஸ்டராக இருக்கிற இரவுகளில் அந்த மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டே கதை நடத்துவார். நின்று சொன்னால் குரலும் நன்றாக வருகிறது, அரக்கன் வருகிற இடத்தில் கையும் காலும் சேர்ந்து நடிக்கின்றன. நான் கண்ட டன்ஜன் மாஸ்டர்களுக்குள் நின்று நடத்துகிற இவருக்கு நிகர் இல்லை என்பேன்.

கடைசியாக நேரம். பத்தரைக்குப் பலகை மடிக்க வேண்டும். நித்திரை குறைந்தால் அடுத்த நாள் பசி கூடும், இனிப்பைத்தான் வாய் தேடும், ஞாயிற்றுக்கிழமை அசையவும் மனம் வராது. நீண்ட ஆட்டங்களை, நாலு தொடக்கம் எட்டு மணித்தியாலம் இழுக்கிற ருவிலைட் இம்பீரியம் மாதிரியானவற்றை, பௌர்ணமிக்கு வருகிற போயா விடுமுறைப் பகலுக்குத் தள்ளினோம். மாதத்துக்கு ஒரு போயா உறுதியாக வரும், அந்த நாட்காட்டியை நம்பித் திட்டம் போடலாம்.

சைக்கிள், பண்ணை, குளூம்ஹேவன் பெட்டி

ஆட்டத்தை அவருடைய வீட்டிலிருந்து பட்டணத்துப் பக்கம் இன்னொரு நண்பர் வீட்டுக்கு மாற்றியதுதான் முழு ஆய்விலும் பலன் கூடிய ஒற்றை மாற்றம் என்று நினைக்கிறேன். கோண்டாவிலில் இருந்து அங்கே போக வர பத்துக் கிலோமீற்றருக்கு மேல். அண்ணை பழைய சைக்கிளுக்குப் புது ரியூப் போட்டு, லைற் பூட்டி, அதில் வரத் தொடங்கினார். விளையாட வேண்டுமென்றால் சைக்கிள் ஓட வேண்டும், அவ்வளவுதான், அதற்கு மேல் மனவுறுதி எதுவும் தேவைப்படவில்லை. 2022 இல் எரிபொருள் வரிசை நீண்ட மாதங்களில் ஊரே திரும்பச் சைக்கிளுக்கு வந்ததையும், எரிபொருள் கிடைத்ததும் அதே வேகத்தில் விட்டதையும் பார்த்தோம். வேறு வழியில்லாமல் வந்த பழக்கம் வழி கிடைத்ததும் போய்விடும், பிடித்த ஒன்றோடு கட்டி வைத்த பழக்கம் நிற்கிறது.

கிழமைக்கு 150 நிமிடம் மிதமான அசைவு, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்தது, அதை அப்போது எடுத்துவிட்டார்கள். படலைக்குப் போய் வருகிற நடையும் கணக்கில் சேரும் என்று இதைக் காட்டித்தான் அண்ணைக்கு நம்பிக்கை கொடுத்தேன். சனிக்கிழமைச் சைக்கிள் முக்கால் மணித்தியாலம் தரும். மிச்சத்துக்கு வேலை முடிந்த பின்னேரங்களில் பண்ணைக் கடலோரத்தில் நடை. கோட்டைப் பக்கம் சைக்கிளை விட்டுவிட்டு, மண்டைதீவுப் பக்கமாகக் கடலுக்கு நடுவே போகிற அந்தத் தெருவில் ஐந்து மணிக்குப் பிறகு நடந்தால் வெயில் தணிந்திருக்கும். சோளகம் வீசுகிற மாதங்களில் காற்று ஆளை ஒரு பக்கமாகத் தள்ளும். காற்றுக்கு எதிராகப் போய்க் காற்றோடு திரும்புங்கள், களைத்த பிறகு எதிர்க்காற்றில் வருவது கொடுமை. விடியப் போகிறவர்களுக்குக் குச்சொழுங்கைகளில் தெருநாய்த் தொல்லை உண்டு, கையில் ஒரு தடி இருக்கட்டும்.

தசைப் பயிற்சிக்கு ஜிம் தேவைப்படவில்லை. குளூம்ஹேவன் பெட்டி பத்துக் கிலோவுக்குக் கிட்ட வரும், அதைக் கொண்டுவந்த மச்சான் விமானத்தில் பாதி உடுப்பை விட்டுவிட்டு வந்தேன் என்று இன்னும் சொல்வார். முதலில் அண்ணை செய்தது கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி இருப்பது மட்டும்தான். அது லேசானதும் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்பினார். பிறகு விறாந்தைப் படியில் ஏறி இறங்குதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், கொஞ்சம் கொஞ்சமாக மேசை விளிம்புக்கு இறங்கித் தள்ளுதல். பாரத்தைக் கூட்டுவதற்கு நான் வைத்த ஒரே விதி, அடுத்த நாள் காலையில் நாரி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கூட்டலாம் என்பது. மாரி மழையில் ஒழுங்கைகள் வெள்ளமாகக் கிடந்த கிழமைகளில் அந்த விறாந்தைப் படிதான் கைகொடுத்தது.

பெயின்ற் மேசை

இதுதான் கடினமான பகுதி. 28 மில்லிமீற்றர் அளவுள்ள ஒரு வீரனின் கண்ணுக்குள் புள்ளி வைக்க வேண்டுமென்றால் மூச்சைக் கூட அடக்க வேண்டும். அண்ணை சிலையை மேசையில் வைத்துவிட்டு அதை நோக்கிக் குனிவார், பிடரி வளைந்து, தோள் காதுவரை ஏறி நிற்கும். ஒரு தலை ஏறத்தாழ ஐந்து கிலோ, அது முன்னால் சரியச் சரியக் கழுத்துத் தசை தாங்குகிற சுமை பல மடங்காகும். அதற்குப் பதிலாக மருந்துக் குளிசைப் போத்தல் ஒன்றின் மூடியில் புளூராக் என்ற ஒட்டுக்களி வைத்து, அதில் சிலையை ஒட்டி, போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி, சிலையைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்தால் கை நடுங்காது. ஒரு நிறம் அடித்தால் அது காயும்வரை எழும்பி நடப்பது, அடுத்த நிறத்துக்குத் திரும்ப இருப்பது. எங்கள் வெக்கையில் அக்ரிலிக் தூரிகையிலேயே காய்ந்துவிடுகிறது என்பதால் இடைவெளி அடிக்கடி வந்தது. மாரியில் ஈரக்காற்றில் ஸ்பிரே பிரைமர் தூள் தூளாகப் படியும், அந்த மாதங்களில் அவர் புதிய சிலைகளைத் தொடுவதில்லை.

கிளித்தட்டும் கெண்டைக்காலும்

ஒரு போயாப் பின்னேரம் யாரோ சொல்லி, பக்கத்துக் காணியில் சுண்ணாம்பால் கோடு போட்டு கிளித்தட்டு இறங்கினோம். தெரியாதவர்களுக்கு: நீளப் பெட்டியைக் குறுக்குக் கோடுகளாலும் ஒரு நடுக்கோட்டாலும் கட்டங்களாகப் பிரிப்பார்கள், காக்கிறவர்கள் தங்கள் தங்கள் குறுக்குக் கோட்டில் மட்டும் அசையலாம், கிளி மட்டும் நடுக்கோட்டிலும் ஓடலாம், தாண்டுகிறவர்கள் அடி படாமல் கட்டங்களைக் கடந்து போய்த் திரும்பி வர வேண்டும். எந்தக் கோட்டை யார் காக்கிறார், கிளி எந்தப் பக்கம் சாய்கிறது, நான் இங்கே ஆசை காட்டினால் அங்கே யார் தப்புவார் என்று யோசித்து ஆடுகிற ஆட்டம் அது, காய்களுக்குப் பதில் நாங்கள். வருடக்கணக்காகப் பலகைகளைப் படித்த கண்ணுக்கு அது உடனே பிடிபட்டது. அண்ணை முப்பது வருடம் கழித்துக் கிளியாக நின்றார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோசத்தை எழுதிக் காட்ட எனக்கு முடியாது.

அரை மணித்தியாலத்தில் கெண்டைக்கால் தசை இழுத்துக்கொண்டது. நடையும் சைக்கிளும் மூச்சைத் தயார்படுத்தும், ஆனால் திடீரென்று திரும்பிப் பாய்வதற்குக் கெண்டைக்காலையும் குதிநரம்பையும் தனியாகப் பழக்க வேண்டும், நாற்பது தாண்டியவர்களுக்கு அது கட்டாயம். மூன்று கிழமை ஓட்டம் இல்லை, சைக்கிளும் நின்றது. அந்த நேரத்தில் குழு அவருடைய வீட்டுக்குத் திரும்பப் போனது, ஆனால் சாப்பாட்டு விதியும் பத்தரை விதியும் அப்படியே இருந்தன, நிறை ஏறவில்லை. நோ தணிந்த பிறகு படி விளிம்பில் நின்று குதியை உயர்த்தி இறக்குகிற பயிற்சியைத் தினமும் செய்து, பிறகு மெல்லோட்டம், அதன் பிறகே கிளித்தட்டு. இப்போது கோடு போட்டதும் முதல் பத்து நிமிடம் எல்லாரும் நடந்தும் மெதுவாக ஓடியும் சூடேற்றிய பிறகுதான் இறங்குகிறோம்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் எங்கள் வீடுகளில் மச்சம் இல்லை, மீன் றோல்ஸ் எப்படியும் வராது என்று நினைத்தோம். அந்த இடத்துக்கு வடையும் மோதகமும் வந்தன. எண்ணெய் எண்ணெய்தான். ஆனால் கோவிலுக்குப் போய் வருகிற நடையும், மணலில் நிற்கிற நேரமும் அதைச் சமன் செய்தன போலிருக்கிறது, அந்த மாதம் நிறை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

எங்கே வந்து நிற்கிறது

நிறை 91இல் இருந்து 83க்கு வந்திருக்கிறது. இடுப்பு 104இல் இருந்து 95. வெறுவயிற்றுச் சீனி 101, எச்பிஏ1சி 5.7. இவை அபாய எல்லையை விட்டு முழுதாக வெளியே வந்த எண்கள் இல்லை, எல்லையின் கீழ்ப் படியில் நிற்கின்றன, இடுப்பு இன்னும் 90க்கு வரவில்லை. ஆனால் இந்த அளவு மாற்றத்துக்கே பெறுமதி உண்டு. அமெரிக்காவில் 2002 இல் வெளிவந்த பெரிய ஆய்வில், நிறையில் 7 சதவீதம் குறைப்பது, கிழமைக்கு 150 நிமிடம் அசைவது என்ற இலக்கோடு நடந்தவர்களுக்குச் சலரோகம் வருவது 58 சதவீதம் குறைந்தது, சீனியைக் குறைக்கிற மெட்போர்மின் குளிசை மட்டும் எடுத்தவர்களுக்கு 31 சதவீதம்தான். இந்தியாவில் செய்து 2006 இல் வெளியிட்ட ஆய்வில் வாழ்க்கைமுறை மாற்றத்தால் 28.5 சதவீதம் குறைந்தது. எங்கள் உடம்பு வாகுக்கு நெருக்கமானது இந்த இரண்டாவது எண், ஆகவே அதையே நம்பி இருப்பது நல்லது. 91 கிலோவில் 7 சதவீதம் என்றால் ஆறரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, அண்ணை அதைத் தாண்டிவிட்டார்.

நாரி நோ போய்விட்டது என்று அவரே சொல்கிறார். எந்த மாற்றத்தால் எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது, பல மாற்றங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்தோம், இது ஒரே ஒரு ஆளின் கதை. எங்கள் குழுவில் அதே விதிகளோடு அதே மேசையில் இருந்த இன்னொருவருக்கு நிறை பெரிதாக மாறவில்லை, அவர் மோட்டார் சைக்கிளில்தான் வந்தார். சைக்கிளுக்கு நான் அவ்வளவு இடம் கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தீராமல் இருப்பது கழுத்து. அவசரமாக ஒரு மினியேச்சர்ப் படையை முடிக்க வேண்டும் என்று வந்தால் போத்தலும் முழங்கையும் மறந்துபோகின்றன, அண்ணை பழையபடி குனிகிறார், மறுநாள் பிடரி நோகிறது. இப்போது உயர்த்திய பான்டமிக் மேசையிலேயே நின்று பெயின்ற் அடிக்க ஒரு தட்டுப் பொருத்திப் பார்க்கிறார், நுணுக்கமான வேலைக்கு நின்றால் கை நடுங்குகிறது என்பதால் அடிநிறம் மட்டும் நின்று, கண்ணும் முகமும் இருந்து என்று பிரித்திருக்கிறார். எச்பிஏ1சி கடந்த மூன்று மாதத்துச் சராசரியைத்தான் காட்டும், அடிக்கடி எடுத்துப் பார்ப்பதில் பயனில்லை, ஆகவே அடுத்ததைத் தைப்பொங்கல் கழிந்து எடுக்கச் சொல்லி வைத்தியர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.